நடித்து விழுபவரைப் பிடிக்க விஏஆர் போதுமா? ஒரு மதிப்பீடு

கால்பந்தில் விஏஆர் எனப்படும் காணொலி நடுவர் முறை பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆஃப்சைடு கோடு, தாமதம், ரத்தான கோல் என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும். இங்கே அதன் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். யாரும் தொடாமலே பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்ட்டி பகுதிக்குள்) விழுபவர், அடியே படாமல் புல்லில் உருளுபவர், தொடையில் பந்து பட்டால் முகத்தைப் பொத்திக்கொள்பவர்: இவர்களைப் பிடிக்க விஏஆர் எவ்வளவு உதவுகிறது? ஒரு லீக் தன்னிடம் இருக்கும் பணத்தை இதில் போடலாமா, வேறு வழிகளில் போடலாமா?

பாக்ஸுக்குள் நடக்கும் டைவுக்கு, அதாவது நடித்து விழுவதற்கு, இது நல்ல கருவி. பொய்க் காயத்துக்கும் நேரம் கடத்தலுக்கும் கிட்டத்தட்ட எந்தப் பயனும் இல்லை. அவற்றுக்கென்று தனி விதிகள் வந்துவிட்டன. ஸ்டாப் வாட்ச் இருந்தாலே போதும் என்ற அளவுக்குச் செலவு குறைந்த விதிகள் அவை. பல லீக்குகள் விலை உயர்ந்ததை முதலில் வாங்கிவிட்டு மலிவானதைத் தள்ளிப்போடுகின்றன என்பதே எங்கள் முதன்மையான குறை.

விதிகளை எழுதும் ஐஃபாப் அமைப்பு 2018 மார்ச்சில் விஏஆரை விதிப்புத்தகத்தில் சேர்த்தது. ஜெர்மனியின் பன்டஸ்லிகாவும் இத்தாலியின் சீரி ஏவும் அதற்கு முன்பே, 2017-18 பருவத்தில், சோதனையாகத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்து பிரீமியர் லீக் 2019-20இல்தான் வந்து சேர்ந்தது. திரைக்கு முன்னால் ஒரு விஏஆர் நடுவர், அவருக்கு உதவியாளர், காட்சிகளை முன்னும் பின்னும் ஓட்டித் தரும் ரீப்ளே ஆபரேட்டர், மைதான நடுவரின் காதுக்குப் போகும் ஒலி இணைப்பு, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு திரை. இவ்வளவுதான் அடிப்படை. மீதியெல்லாம் கேமராக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ரஷ்யாவில் நடந்த 2018 உலகக் கோப்பையில் 33 ஒளிபரப்பு கேமராக்களின் காட்சிகள் மாஸ்கோவில் இருந்த ஒரே அறைக்கு வந்தன.

அந்த உலகக் கோப்பையிலேயே இந்தக் கருவியின் சிறந்த வேலையைப் பார்த்துவிட்டோம். ஜூன் 22, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பிரேசில் - கோஸ்டா ரிகா, 0-0, 78ஆவது நிமிடம். ஜியான்கார்லோ கொன்சாலஸின் கை லேசாகப் பட்டதும் நெய்மார் இரு கைகளையும் விரித்துப் பின்னால் சாய்ந்து விழுந்தார். நடுவர் பியோர்ன் கைப்பர்ஸ் பெனால்ட்டி கொடுத்தார். அறையில் இருந்தவர்கள் காட்சியைப் பார்த்து, நீங்களே ஒருமுறை திரையில் பாருங்கள் என்றார்கள். அவர் ஓடிப்போய்ப் பார்த்தார், திரும்பி வந்து பெனால்ட்டியை ரத்து செய்தார். கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து பிரேசில் நேர்மையாகவே வென்றது. விஏஆர் இல்லாத காலமாக இருந்தால் அந்த ஒரு விழுதலே ஆட்டத்தின் முடிவை எழுதியிருக்கும்.

அதே நிகழ்வில் குறையும் தெரிகிறது. பெனால்ட்டிதான் போனது, டைவுக்கு மஞ்சள் அட்டை வரவில்லை. 12ஆம் விதியில் சந்தேகத்துக்கே இடமில்லை: காயம் பட்டதாகவோ ஃபவுலுக்கு ஆளானதாகவோ நடித்து நடுவரை ஏமாற்ற முயன்றால் அது விளையாட்டு நெறிக்கு மாறான நடத்தை, மஞ்சள் அட்டை, எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (அதிலிருந்து நேராகக் கோல் அடிக்க முடியாது). 1999 முதல் இது விதியில் இருக்கிறது. திரையில் பார்த்த பிறகு நடுவர் இந்த அட்டையைக் கொடுக்கலாம், தடை எதுவும் இல்லை. டைவ் என்று தீர்மானிக்காமல் 'ஃபவுல் இல்லை' என்று மட்டும் முடிவெடுத்தால் அட்டையும் இல்லை, நடுவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் டிராப் பால்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு பாக்ஸுக்குள் டிராப் பால் என்றால் பந்து கோல்கீப்பரிடம் போய்விடும். ஏமாற்ற முயன்றவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்றால் அடுத்த ஆட்டத்திலும் முயன்று பார்ப்பார். கருவியில் குறை இல்லை. அதைப் பயன்படுத்தும் கை தயங்குகிறது.

திரையில் டைவை எப்படிக் கண்டுபிடிப்பது? போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் பால் மாரிஸ், டேவிட் லூயிஸ் இருவரும் இதை ஆராய்ந்து சில அடையாளங்களைச் சொன்னார்கள். நல்ல விஏஆர் நடுவர் தேடுவதும் ஏறக்குறைய அதே அடையாளங்களைத்தான். முதலாவது நேரம்: தொடுகை நடந்த கணத்துக்கும் விழுந்த கணத்துக்கும் இடையில் இடைவெளி இருக்கிறதா? ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு விழுந்தால் சந்தேகம். இரண்டாவது திசை: இடப்பக்கத்திலிருந்து இடித்தால் உடல் வலப்பக்கம் போக வேண்டும். இடித்த திசைக்கு எதிராகவோ, இடியின் வலுவுக்குப் பொருந்தாத வேகத்திலோ உடல் பறந்தால் கணக்கு உதைக்கிறது. மூன்றாவது இடம்: பட்டது தோளில், பிடித்துக்கொள்வது முகத்தை.

நான்காவதுதான் மிகவும் பயனுள்ளது. வில்லை வளைத்ததுபோல் நெஞ்சு முன்னால் தள்ளி, தலை பின்னால் சாய்ந்து, இரு கைகளும் மேலே உயர்ந்து, இரு முழங்கால்களும் மடங்கி, பாதங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்பினால், அது பெரும்பாலும் நடிப்பு. உண்மையாகத் தடுக்கி விழுபவரின் கைகள் தானாகவே தரையை நோக்கியோ பக்கவாட்டிலோ போகும். முகத்தைக் காக்க உடலுக்குத் தெரிந்த வழி அது. கைகளை மேலே தூக்கிக்கொண்டு விழுவதற்கு உடலில் இயல்பான காரணம் எதுவும் இல்லை, பார்ப்பவருக்குக் காட்டுவதைத் தவிர.

இதைவிடக் கடினமான வகை ஒன்று உண்டு. ஓடுகிற போக்கில் தன் காலைத் தானே எதிரியின் கால் இருக்கும் பக்கம் நீட்டி, தொடுகையை உண்டாக்கிக்கொண்டு விழுவது. திரையில் பார்த்தால் தொடுகை நிஜம்தான். யாருடைய கால் யாரைத் தேடிப் போனது என்று பார்க்க வேண்டும். இதற்கு உயரத்தில் இருக்கும் முதன்மைக் கேமரா உதவாது. கோலுக்குப் பின்னால் தரையோடு ஒட்டியிருக்கும் கேமராவும் எதிர்ப்பக்கக் கேமராவும் வேண்டும். எத்தனை கேமரா என்பதைவிட எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே இங்கே முக்கியம்.

மெதுவாக ஓட்டிப் பார்ப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. விஏஆர் நெறிமுறைப்படி எங்கே பட்டது, பந்து கையில் பட்டதா போன்ற உண்மைகளைச் சரிபார்க்க மட்டுமே ஸ்லோ மோஷன். இடியின் வலுவை எடைபோட இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் ஒரு தடவல்கூடப் பிடித்து இழுத்ததுபோல் தெரியும், அது விழுந்தவருக்குச் சாதகமாகவே முடியும்.

கருவி தோற்கும் இடத்துக்கு 2021 ஜூலை 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெம்பிளியில் யூரோ எனும் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி, இங்கிலாந்து - டென்மார்க், கூடுதல் நேரம். பாக்ஸுக்குள் புகுந்த ரஹீம் ஸ்டெர்லிங் விழுந்தார், நடுவர் டேனி மக்கலி பெனால்ட்டி கொடுத்தார். விஏஆர் சரிபார்த்தது. லேசான தொடுகை இருந்தது என்பதால் முடிவு நின்றது, மக்கலி திரைக்குப் போகவே இல்லை. ஹாரி கேன் அடித்ததை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் தடுக்க, திரும்பி வந்த பந்தை கேனே உள்ளே தள்ளினார். 2-1. டென்மார்க் வீடு திரும்பியது. மக்கலி பெனால்ட்டி கொடுக்காமல் விட்டிருந்தால் அதையும் விஏஆர் மாற்றியிருக்காது என்பதே எங்கள் கணிப்பு. ஏனென்றால் 'தெளிவான, வெளிப்படையான தவறு' இருந்தால் மட்டுமே தலையிடலாம் என்பது அடிப்படை விதி. தொழில்முறை வீரர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள். தொடாமல் விழுவது குறைந்தது, தொட்டதும் விழுவது நிலைத்துவிட்டது. ஒரு விரல் பட்டாலும் போதும், நடுவர் ஊதிவிட்டால் அறையில் இருப்பவரின் கை கட்டப்பட்டுவிடும்.

பாக்ஸுக்கு வெளியே வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2018இல் எழுதிய நெறிமுறையில் கோல், பெனால்ட்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் என நான்கே வகைகள். கோலுக்கு 20 மீட்டர் தூரத்தில் டைவ் அடித்து ஃப்ரீ கிக் வாங்கி, அதிலிருந்து நேராகக் கோல் விழுந்தாலும் அந்த ஃப்ரீ கிக் சரியா என்று கேட்க முடியாது. மஞ்சள் அட்டையும் அதில் வராது. 2002 ஜூன் 3, உல்சானில் பிரேசிலின் ரிவால்டோ செய்தது உலகமே பார்த்த நடிப்பு. கார்னர் அடிக்கக் காத்திருந்தவரை நோக்கி துருக்கியின் ஹக்கான் உன்சால் பந்தை உதைத்தார், அது பட்டது காலில், ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். உன்சால் வெளியேற்றப்பட்டார். ரிவால்டோவுக்குப் பின்னர் அபராதம் மட்டும்தான், அடுத்த ஆட்டத்தில் ஆடத் தடை எதுவும் இல்லை. அன்று விஏஆர் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உன்சாலுக்குக் கிடைத்தது இரண்டாவது மஞ்சள் அட்டை, நேரடிச் சிவப்பு அல்ல. 2018 நெறிமுறை அதைத் தொட்டிருக்காது.

இனி பொய்க் காயம். விளையாட்டை அதிகமாகக் கெடுப்பது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. டைவ் ஒரு கணத்தில் முடிந்துவிடும். முன்னணியில் இருக்கும் அணி 80ஆவது நிமிடத்துக்குப் பிறகு மாற்றி மாற்றிப் படுத்துக்கொண்டால் ஆட்டமே நின்றுபோகும். 2021 யூரோ காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக இத்தாலியின் சிரோ இம்மொபைல் பாக்ஸுக்குள் வலியில் சுருண்டு கிடந்தார். சக வீரர் பரேல்லா கோல் அடித்ததும் எழுந்து கொண்டாட ஓடினார். விஏஆருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. வலி இருக்கிறதா இல்லையா என்பதைக் கேமரா காட்டாது.

5ஆம் விதிப்படி கடுமையான காயம் என்று நடுவர் கருதினால் மட்டுமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும், சிகிச்சை பெற்ற வீரர் வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும். நடைமுறையில் அவர் கோட்டைத் தாண்டி நின்று, ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில் கையை உயர்த்தி உள்ளே வந்துவிடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. படுத்ததற்கு விலையே இருக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் பிரீமியர் லீக் 2023-24இல் குறைந்தது 30 நொடி வெளியே நிற்க வேண்டும் என்றது. 30 நொடி போதாது. ஒரு த்ரோ இன், ஒரு கோல் கிக், முடிந்துவிடும்.

அமெரிக்காவின் எம்எல்எஸ் லீக் 2024இல் கொண்டுவந்த விதியே நாங்கள் பார்த்தவற்றில் சிறந்தது. ஒரு வீரர் 15 நொடிக்கு மேல் தரையில் கிடந்தால் மருத்துவக் குழு உள்ளே வரும். வந்தால் அவர் வெளியேற வேண்டும், 2 நிமிடம் கழித்துத்தான் திரும்பலாம். அந்த 2 நிமிடமும் அணி 10 பேரோடு ஆடும். தலையில் அடி, கோல்கீப்பர், எதிராளி அட்டை வாங்கிய ஃபவுலால் வந்த காயம், இன்னும் சில கடுமையான மருத்துவ நிலைகள் இதற்கு விலக்கு. கூடவே மாற்று வீரர் விதி: வெளியேறுபவர் 10 நொடிக்குள் கோட்டைக் கடக்காவிட்டால் உள்ளே வருபவர் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இதில் யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. நடுவர் மனதைப் படிக்க வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்தால் போதும். காயம் உண்மை என்றால் 2 நிமிடச் சிகிச்சை அவருக்கு நல்லதுதான். பொய் என்றால் சொந்த அணியே அவரை எழுந்திருக்கச் சொல்லும்.

கோல்கீப்பர் விலக்கில்தான் ஓட்டை. அணிக்குப் பயிற்சியாளரின் அறிவுரை தேவைப்படும் நேரத்தில் கோல்கீப்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார், மற்ற பத்துப் பேரும் எல்லைக்கோட்டுக்கு ஓடிப்போய்ப் பேச்சைக் கேட்பார்கள். கோல்கீப்பரை வெளியே அனுப்ப முடியாது என்பதால் இது எளிய தந்திரம். லீக் தன் அளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் வீரர்கள் பயிற்சியாளர் பகுதிக்குப் போகக் கூடாது என்று அறிவுறுத்தி, எல்லைக்கோட்டுக்கு வெளியே பணியாற்றும் நான்காவது நடுவரை அங்கே நிறுத்துவது. ஆதாயம் போனால் உட்காரும் காரணமும் போய்விடும்.

கோல்கீப்பரின் மற்றொரு நேரக் கடத்தல் வழியை ஐஃபாப் 2025இல் நன்றாக அடைத்தது. பழைய விதியில் பந்தைக் கையில் 6 நொடி வைத்திருக்கலாம், மீறினால் பாக்ஸுக்குள் மறைமுக ஃப்ரீ கிக். தண்டனை பெரிது என்பதால் நடுவர்கள் கொடுக்கவே தயங்கினார்கள். இப்போது 8 நொடி, மீறினால் கார்னர், கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். தண்டனை சிறியதாகவும் உறுதியாகவும் இருந்தால் நடுவருக்குக் கொடுக்கும் தைரியம் வரும். டைவுக்கான அட்டையைப் பற்றி யோசிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நிறுத்த நேரத்தைத் தாராளமாகக் கூட்டிக் கொடுப்பதையும் முயன்றார்கள். 2022 கத்தாரில் இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில் இரு பாதிகளுக்கும் சேர்த்து 27 நிமிடம் கூடியது. அதில் முதல் பாதியில் கூடியதன் பெரும்பகுதி ஈரான் கோல்கீப்பர் பெய்ரன்வாண்டின் தலையில் பட்ட உண்மையான அடியால் வந்தது. தொலைந்த நிமிடங்கள் இப்படித் திரும்பி வரும். எதிரணி அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அறுந்துபோன வேகம் திரும்பி வராது. படுப்பவர்கள் உடைக்க நினைப்பது அதைத்தான். பாதித் தீர்வு என்றே இதை மதிப்பிடுகிறோம்.

ஆட்டம் முடிந்த பிறகு தண்டிக்கும் குழு அடுத்தது. ஒளிபரப்புக் காட்சி இருந்தால் போதும், புதிய கருவி எதுவும் வேண்டாம். 1995 ஏப்ரலில் டார்ட்மண்டின் ஆண்ட்ரியாஸ் மோலர், கார்ல்ஸ்ரூ வீரர் தொடாமலே பாக்ஸுக்குள் விழுந்து பெனால்ட்டி வாங்கினார், அணி 2-1 என வென்றது. ஜெர்மன் சங்கம் இரண்டு ஆட்டத் தடையும் 10,000 மார்க் அபராதமும் விதித்தது. இங்கிலாந்து இதை 2017-18இல் முறைப்படுத்தியது. முன்னாள் நடுவர், முன்னாள் வீரர், முன்னாள் மேலாளர் என மூவர் தனித்தனியே காட்சியைப் பார்ப்பார்கள், மூவரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் குற்றச்சாட்டு. ஏமாற்றியதால் பெனால்ட்டியோ எதிராளியின் வெளியேற்றமோ நேர்ந்திருக்க வேண்டும். எவர்ட்டனின் ஊமர் நியாஸ் 2017 நவம்பரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான பெனால்ட்டிக்காக இரண்டு ஆட்டத் தடை பெற்றார், அடுத்து வெஸ்ட் ஹாமின் மானுவல் லான்சினி.

மூவரின் ஒருமித்த முடிவு என்ற நிபந்தனையை நாங்கள் ஆதரிக்கிறோம். 2009இல் செல்டிக்குக்கு எதிராக ஆர்சனலின் எடுவார்டோ வாங்கிய பெனால்ட்டிக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ இரண்டு ஆட்டத் தடை விதித்தது, மேல்முறையீட்டில் அதே தடை ரத்தானது. அப்படி ஒருமுறை பின்வாங்கினால் அடுத்தவரைத் தண்டிக்கும் துணிவு வெகுநாள் வராது. இந்த முறையின் பலவீனம் வேறிடத்தில்: அன்று தோற்ற அணிக்குப் புள்ளி திரும்பக் கிடைக்காது. வீரர் தடையில் இருக்கும்போது ஆதாயம் அடைவது மூன்றாவது அணி.

புள்ளியையே பறித்த நிகழ்வு ஒன்று உண்டு. 1989 செப்டம்பர் 3, மரக்கானா மைதானம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 0-1 எனப் பின்தங்கியிருந்த சிலியின் கோல்கீப்பர் ரோபர்த்தோ ரோஹாஸ், பார்வையாளர் பக்கமிருந்து வந்து விழுந்த தீப்பொறிக் குச்சியின் அருகே முகத்தில் ரத்தத்தோடு கிடந்தார். அணி மைதானத்தை விட்டு வெளியேறியது. புகைப்படக்காரர் ரிக்கார்தோ அல்ஃபியெரியின் படங்களில் குச்சி அவர்மேல் படவே இல்லை என்று தெரிந்தது. கையுறையில் மறைத்திருந்த பிளேடால் தன்னைத் தானே கீறிக்கொண்டிருந்தார். பிரேசிலுக்கு 2-0 வெற்றி, சிலிக்கு 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் தடை, ரோஹாஸுக்கு ஆயுள் தடை. அது 2001இல்தான் நீங்கியது. பிடித்துக் கொடுத்தது ஒரு புகைப்படக் கேமரா. சரியான கோணத்தில் இருந்த ஒரு கேமரா.

விஏஆருக்குப் பணம் இல்லாத லீக்குகளுக்கு ஃபிஃபா இப்போது எஃப்விஎஸ் என்ற எளிய வடிவத்தைத் தருகிறது. 2024இல் 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் கொலம்பியாவில் சோதித்தார்கள், இத்தாலியின் மூன்றாம் நிலை லீக்கான சீரி சி 2025-26இல் எடுத்துக்கொண்டது. தனி அறை இல்லை, விஏஆர் நடுவர் இல்லை. பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி, நான்காவது நடுவரிடம் ஓர் அட்டையைக் கொடுத்து மறுபார்வை கேட்பார். ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு, முடிவு மாறினால் வாய்ப்பு கையிலேயே இருக்கும். மைதான நடுவரே திரையில் பார்த்து முடிவெடுப்பார்.

டைவைப் பிடிக்கும் வேலையில் இது முழு விஏஆரைவிடச் சில இடங்களில் மேல் என்று சொல்வோம். நடுவர் தானே போய்ப் பார்ப்பதால், வெம்பிளியில் நடந்ததுபோல் திரைக்குப் போகாமலே முடிவு உறுதியாகும் நிலை குறையும். கேமரா குறைவு என்பதுதான் விலை. இந்தியன் சூப்பர் லீக் 2024-25 பருவம் வரை விஏஆர் இல்லாமலே நடந்தது. அதுபோன்ற லீக்குகளுக்கு முழு விஏஆர் அவசரம் இல்லை, இதிலேயே தொடங்கலாம்.

புதிதாகத் தொடங்கும் லீக்குக்கு நாங்கள் சொல்லும் வரிசை இது. ஐஃபாப்பின் அனுமதி பெற்று 15 நொடி, 2 நிமிட விதியை முதல் பருவத்திலேயே கொண்டுவாருங்கள். நான்காவது நடுவருக்கு இரண்டு ஸ்டாப் வாட்ச் கொடுங்கள். ஒன்று தரையில் கிடக்கும் நேரத்துக்கு, மற்றொன்று வெளியே நிற்கும் நேரத்துக்கு. ஒரே கடிகாரத்தில் இரண்டையும் பார்த்தால் மாற்று வீரர் வரும் நேரத்தில் குழப்பம் வரும். அடுத்து மூவர் குழு. அதன் பிறகு எஃப்விஎஸ், அதிலும் முதல் செலவு கோலுக்குப் பின்னால் தரைமட்டக் கேமரா இரண்டு. முழு விஏஆர் கடைசி.

தலையில் அடி பட்டவருக்கும் கடுமையான மருத்துவ நிலையில் இருப்பவருக்குமான விலக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சுருக்காதீர்கள். சிலர் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தே எதிரணியின் பாய்ச்சலை நிறுத்துகிறார்கள், அது தெரிந்ததுதான். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் அருகில் யாரும் இடிக்காமலே சரிந்த கிறிஸ்டியன் எரிக்சனுக்காக நடுவர் ஆன்டனி டெய்லர் நொடியும் யோசிக்காமல் ஊதினார், மருத்துவர்கள் உடனே ஓடினார்கள். இதயம் நின்றுபோயிருந்த அவர் பிழைத்தார். தலையில் அடி என்று ஏமாற்றியவர் யார் என்பதைத் திங்கட்கிழமை மூவர் குழு பார்த்துக்கொள்ளட்டும். நடுவர் சந்தேகப்பட்டுத் தாமதிக்கும்படி எந்த விதியையும் எழுத வேண்டாம்.